வர்ணம் பூசிய மதில்களும் இறைக்கப்படாத கிணறுகளும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊர் ஒழுங்கைகளில் பெயின்ற் மணக்கத் தொடங்கிவிடும். நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவுக்காகப் புலம்பெயர்ந்த உறவுகள் வந்து இறங்கப்போகின்றன. அதற்கு முன்னர் மதிலுக்கு வர்ணம் பூசியாக வேண்டும். முன்பு படலை இருந்த இடத்தில் இப்போது நிற்கும் இரும்புக் கதவின் கறலைச் சுரண்டியாக வேண்டும். மண் முற்றத்தை மறைத்து இன்ரர்லொக் கல் பதித்தாக வேண்டும். அந்த நாட்களில் ஒரு மேசனைத் தேடிப் பிடிப்பது அரசாங்க அதிபரைச் சந்திப்பதிலும் கடினமான காரியம். கோடைகால வீட்டுப் பராமரிப்பு என்று யாழ்ப்பாணத்தில் இன்று நாம் சொல்வது ஏறத்தாழ இவ்வளவுதான்.

இதனைப் பராமரிப்பு என்று ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை. இது அலங்காரம். வருகின்றவர்களின் கண்களுக்காகச் செய்யப்படுவது. வீட்டுக்கு உண்மையில் வரப்போகின்ற விருந்தாளி ஐப்பசி மழை. அந்த விருந்தாளிக்காக நாம் செய்வது எதுவுமில்லை. வாசலில் வந்து நிற்கும் அவரை வீதிக்குத் துரத்திவிடும் ஏற்பாடுகளைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இதை எழுதவேண்டிய தேவை ஒரு தொலைபேசி அழைப்பினால் வந்தது. ரொறொன்ரோவிலிருந்து அண்ணர் பேசினார். "தம்பி, இந்த முறை பேரப்பிள்ளையளும் வருகினம். உந்த மண் முத்தம் அவைக்குச் சரிவராது. முழுக்கக் கல்லுப் பதிச்சு விடு. காசு நான் அனுப்புறன்" என்றார். "கல்லுப் பதிக்கேலாது அண்ணை, கிணறு செத்துப்போகும்" என்றேன். முற்றத்துக்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டார். தொலைபேசியில் என்னால் சரியாக விளக்க முடியவில்லை. அவர் மனம் நொந்துபோய் அழைப்பைத் துண்டித்தார். அவரைப் போலக் கேட்பவர்கள் பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் அனைவருக்குமான பதில் இது.

முதலில் பழைய கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்த வீடு ஓலை வீடு. கோடையில் பனையோலை வெட்டுவார்கள். வெட்டிய ஓலையை மிதித்துத் தட்டையாக்கி, ஒன்றின் மேலொன்றாக அடுக்கி, பாரம் வைத்துக் காயவிடுவார்கள். தென்னோலையை ஊறவைத்துக் கிடுகு பின்னுவார்கள். வேலியில் இற்றுப்போன கதியால்களை மாற்றிப் பூவரசும் கிளுவையும் நடுவார்கள். வேலி அடைக்கும்போது இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் குத்தூசியைச் செலுத்த, அந்தப் பக்கம் நிற்பவர் கயிற்றை வாங்கித் திருப்பிக் குத்துவார். ஆகவே அயலவரோடு கதை பேச்சு இல்லாதவர்கள்கூட வேலியடைப்பு நாளில் பேசியே ஆகவேண்டியிருந்தது. கழற்றிய பழைய ஓலையும் வேலியில் வெட்டிய இலை குழையும் தோட்டத்தில் தாழ்க்கப்பட்டு எருவாகும். எதுவும் வளவுக்கு வெளியே குப்பையாகப் போனதில்லை.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது கிணறு இறைப்பு. ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும். அதுவே கிணற்றைச் சுத்தம் செய்யும் காலம். நீரை இறைத்து வற்றச் செய்தபின் ஒருவர் உள்ளே இறங்குவார். அடியில் படிந்த சேற்றை அவர் வாளியில் நிரப்பிவிட, மேலே நிற்பவர்கள் இழுத்தெடுப்பார்கள். கற்களின் இடுக்கில் முளைத்த ஆல், அரசங்கன்றுகளை வேரோடு பிடுங்குவார்கள். இடிந்த கட்டைப் பூசுவார்கள். அடுத்த நாள் ஊற்றிலிருந்து தெளிந்த நீர் ஏறி நிற்பதைப் பார்க்கச் சிறுவர்களாகிய நாங்கள் விடிகாலையிலேயே கிணற்றடிக்கு ஓடுவோம்.

நான் பழமையைப் போற்றிப் பாடுகிறேன் என்று எவரும் அவசரப்பட வேண்டாம். அந்தப் பழமைக்குள் இருந்த அழுக்கையும் நான் அறிவேன். கிணற்றுக்குள் இறங்கிச் சேறு அள்ளியவருக்கு, அடுத்த நாள் அதே கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ள உரிமை இருக்கவில்லை. அவர் கைகளை ஏந்தி நிற்க, வீட்டுக்காரர் மேலிருந்து ஊற்றுவார். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும் நீண்டகாலம் யாழ்ப்பாணக் கிணறுகள் பல மூடப்பட்டே இருந்தன. எழுத்தாளர் கே. டானியல் தன் நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார் என்றால் அதற்கான காரணத்தை நாம்தான் கொடுத்தோம். ஓலை வீட்டுக்குத் திரும்புங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சமூக ஒழுங்குக்குத் திரும்புவதை நினைக்கவும் மாட்டேன். ஆனால் மழைக்கு முன்னர் வீட்டைத் தயார் செய்யும் அந்த அறிவை, அதைச் சூழ்ந்திருந்த அநீதியோடு சேர்த்து எறிந்துவிட்டோம் என்கிறேன். அநீதியையாவது முழுதாக எறிந்தோமா என்பது வேறு கேள்வி.

இனி அண்ணரின் கேள்விக்கு வருகிறேன். முற்றத்துக்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறு மழைக்காலத்தில் மாத்திரம் ஓடுவது. நாம் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கி நிற்கும் நீர். அந்த நீரும் எங்கிருந்தோ ஊறி வருவதன்று. நம் வளவுகளிலும் வயல்களிலும் பெய்யும் மழை, அதிலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, மண்ணுக்குள் இறங்குவதால் சேர்வது. நிலாவரைக் கிணற்றை அடியற்றது என்று சொல்லி வியக்கும் நாம், அதற்கு நீர் கொடுப்பதும் இந்த மழைதான் என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்த நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் அடர்த்தி குறைவு; உவர்நீரின் அடர்த்தி அதிகம். நீரியலாளர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும். மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து ஏறத்தாழ 40 அடி உவர்நீர் ஏறும். கிணறு கோடையில் கைத்துப்போவதன் இரகசியம் இதுதான். இந்த நிலையில் கிணற்று நீர் போதவில்லை என்று இன்னும் ஆழமாகக் குழாய்க்கிணறு அடித்து, சக்திவாய்ந்த மோட்டரைப் பூட்டி உறிஞ்சுகிறோம். அடியில் இருக்கும் உப்பைக் கூப்பிட்டு வீட்டுக்குள் விடுவதற்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

இப்போது ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள். இரண்டு பரப்புக் காணி என்பது ஏறத்தாழ 5,400 சதுர அடி. அதாவது சுமார் 500 சதுர மீற்றர். மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்வது நமக்குப் புதிதன்று. அந்த ஒரு நாளில் அந்த ஒரு வளவில் விழும் நீர் 50,000 லீற்றர். வீடு, கல் பதித்த முற்றம், சீமெந்து இட்ட கோடி, சுற்றிலும் மதில் என்று வளவு முழுவதையும் மூடிவிட்டால், அந்த நீரில் பெரும்பகுதி கேற்றுக்குக் கீழால் ஒழுங்கைக்குப் போகும். ஒழுங்கையிலிருந்து வீதிக்கும், வீதியிலிருந்து பள்ளத்தில் குடியிருக்கும் ஏழையின் வீட்டுக்கும் போகும். மார்கழியில் ஊருக்குள் வெள்ளம் நிற்கிறது என்று மாநகரசபையையும் பிரதேச சபையையும் திட்டுகிறோம். அதே ஊரில் அடுத்த ஆவணியில் பவுசர் தண்ணீருக்குக் காத்து நிற்கிறோம். இரண்டும் ஒரே குற்றத்தின் இரண்டு தண்டனைகள். வேலி இருந்த காலத்தில் வெள்ளம் கதியால்களுக்கிடையால் பரவி வளவுகள்தோறும் தங்கி இறங்கியது. மதில் அதற்கு வழிவிடுவதில்லை.

அடுத்து மலக்குழி. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்கவேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இரண்டு பரப்புக் காணியில், நம் கிணறு, அயலவரின் கிணறு, நம் குழி, அயலவரின் குழி என்று நான்கையும் குறித்து அளந்து பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் கணக்கு உதைக்கும். அப்படியே 50 அடி இருந்தாலும், வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையில் கழிவுநீர் எந்த வழியால் எவ்வளவு தூரம் போகும் என்பதை அடிநாடாவால் அளக்க முடியாது. தோட்டத்துக்கு இடும் செயற்கை உரமும் அதே வழியால் இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்தின் செறிவான தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் இந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இது உயிராபத்து. கொதிக்கவைத்தால் சரி என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

சுன்னாகத்தை நாம் இதற்குள் மறந்துவிட்டோமா? மின்நிலையச் சூழலில் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்தபோது என்ன நடந்தது? எத்தனை பரப்புக் காணி, எவ்வளவு உயர மதில், எத்தனை தலைமுறை உறுதி என்று எண்ணெய் பார்க்கவில்லை. வாளியைப் போட்டால் எண்ணெய் நாற்றம் அடித்தது. மக்கள் போத்தல்களோடு தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி இரண்டு கோடி ரூபா இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கில் எதிராளி ஒரு நிறுவனம். ஒவ்வொரு வளவிலும் சிறிது சிறிதாக நாமே செய்யும் மாசுக்கு எந்த நீதிமன்றத்தில் யாரை நிறுத்துவது? ஓரங்குலக் கதியாலை நகர்த்திவிட்டான் என்று பத்து வருடம் மல்லாகத்துக்கும் சாவகச்சேரிக்கும் வழக்குக்கு அலைந்த சமூகம் நாங்கள். நிலத்துக்குக் கீழே வேலியே இல்லை என்பது மாத்திரம் நமக்கு இன்னும் உறைக்கவில்லை.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகள் எனக்குத் தெரியும். முதலாவது, குழாய்நீர் வந்துவிட்டது, இனிக் கிணறு எதற்கு என்பது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது உண்மை. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடிய நிலையம் அது. அதை நான் வரவேற்கிறேன். தீவகத்து மக்கள் பட்ட துயரத்தை எழுதி எழுதிக் கைசோர்ந்தவன் நான். ஆனால் கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு எரிபொருள் வேண்டும். 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. 1990 முதல் ஆண்டுக்கணக்கில் மின்சாரமே இல்லாதிருந்த குடாநாடு இது. அந்த ஆண்டுகளில் நம்மை உயிரோடு வைத்தவை கிணறுகள். குடிநீர் குழாயில் வரட்டும். அதைச் சாட்டாக வைத்துக் கிணற்றைக் குப்பைக்குழி ஆக்குவது பாட்டன் சொத்தை விற்றுப் பட்டாசு கொளுத்துவதற்குச் சமம்.

இரண்டாவது, இதற்கெல்லாம் சட்டம் வேண்டும், அரசாங்கம் செய்யவேண்டும் என்பது. தமிழ்நாட்டைப் பாருங்கள். 2003 இல் கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம், அதனால் சென்னையில் நிலத்தடி நீர் உயர்ந்ததும் உண்மை. பின்னர் என்ன ஆயிற்று? பல வீடுகளில் குழிகள் தூர்ந்தன, குழாய்கள் உடைந்தன, எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது, குடங்களோடு மக்கள் லாரிகளைச் சூழ்ந்து நின்ற காட்சியை உலகமே பார்த்தது. சட்டத்தால் ஒரு குழியைத் தோண்டவைக்கலாம். ஆண்டுதோறும் கோடையில் அதன் சேற்றை அள்ளவைக்க முடியாது. அது வீட்டுக்காரரின் வேலை.

மூன்றாவது, வேலைக்கு ஆளில்லை, வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்பது. இதில் நியாயம் உண்டு. ஆனால் பெயின்ற் அடிக்க மாத்திரம் ஆள் எப்படிக் கிடைக்கிறது?

பிறரைக் குற்றம் சொல்லுமுன் என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். 2011 இல் எங்கள் கிணற்றுக்குக் கொன்கிறீற் மூடி போட்டு, மோட்டர் பூட்டி, மேலே தண்ணீர்த் தாங்கி வைத்தேன். பத்திரிகை அலுவலகத்தில் இரவிரவாக விழித்திருப்பவனுக்குத் தண்ணீர் அள்ளிக் குளிக்க நேரமில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். 12 ஆண்டுகள் அந்தக் கிணற்றுக்குள் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. 2023 ஆவணியில் மோட்டர் பழுதானபோது மூடியை நெம்பித் திறந்தோம். அரசமரத்து வேர் கட்டைப் பிளந்து உள்ளே இறங்கியிருந்தது. அடியில் முழங்காலுக்கு மேல் சேறு. அதற்குள் செருப்பு, சவர்க்காரப் பெட்டி, பெயரறியாத எலும்புகள். அந்த நீரைத்தான் நாங்கள் குடித்துக்கொண்டிருந்தோம். நீர் மாசைப் பற்றிப் பத்திரிகையில் ஆசிரியர் தலையங்கம் எழுதியவனின் வீட்டுக் கிணறு அது.

அன்று 1996 நினைவுக்கு வந்தது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்ததையும், மறு ஆண்டு சித்திரையில் திரும்பியதையும் என் தலைமுறை மறக்காது. திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை. அப்பா அவை எதையும் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனார். "முதல்ல கிணத்தை இறைப்பம், பிறகு வீட்டைப் பாப்பம்" என்றார். என்ன கிடக்கிறதோ என்ற பயத்தோடு அயலவர் நால்வரும் அண்ணரும் நானும் கயிறு பிடித்து இறைத்தோம். மூன்றாம் நாள் தெளிந்த நீரை அப்பா கையில் ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அதன் பின்னர்தான் நாங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டோம் என்று நம்பினோம்.

ஆகவே வாசகர்களிடம், குறிப்பாகக் கோடையில் ஊருக்குப் பணம் அனுப்பும் உறவுகளிடம், என் வேண்டுகோள் இது. மதிலுக்கு வர்ணம் பூச அனுப்பும் பணத்தில் பாதியை இந்த வேலைகளுக்கு ஒதுக்குங்கள். ஆவணி, புரட்டாதியில் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளுங்கள். இறங்குமுன் கவனம்: மண்ணெண்ணெயில் இயங்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் ஒருபோதும் இறக்காதீர்கள், அதன் நச்சுப்புகை ஆளைக் கொல்லும். கூரைப் பீலிகளில் தேங்கிய சருகை அகற்றுங்கள். பீலியில் தேங்கும் நீர் நுளம்புக்குத் தொட்டில். மார்கழி, தையில் டெங்கு அங்கிருந்தும் வருகிறது. பீலி நீரை முற்றத்தில் கல்லும் மணலும் நிரப்பிய ஒரு குழிக்குள் விடுங்கள். 1,000 சதுர அடிக் கூரையிலிருந்து ஒரு பெருமழை நாளில் 9,000 லீற்றர் நீர் நிலத்துக்குப் போகும். மலக்குழி நிரம்பும் வரை காத்திராமல் கோடையிலேயே திறந்து பாருங்கள். மதில் கட்டியே ஆகவேண்டுமானால் அடியில் நீர்போக இடைவெளி விடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கிணற்று நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சோதியுங்கள். முற்றத்தை மண்ணாகவே விடுங்கள். பிள்ளைகளின் காலில் புழுதி படும். கழுவுவதற்குக் கிணற்றில் தண்ணீர் இருக்கும்.

அண்ணர் இந்த மாதக் கடைசியில் வருகிறார். முற்றத்தில் நான் கல் பதிக்கவில்லை. கிணற்று இறைப்பை அவர் வரும் வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். 1996 இல் அவர் பிடித்த அதே பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடிக்கட்டும். பேரப்பிள்ளைகள் நின்று பார்க்கட்டும். அதன் பின்னரும் முற்றத்தை மூடத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், மறுபடியும் வாதாட எனக்கு உடம்பில் வலு இருக்கிறது.